பிரஸ் ஓடுகிறது, சரக்கு போகவில்லை: குறை ஆளிடமா, அமைப்பிலா?

கப்பலூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, மாலை 6.10

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் வார்க்கும் சிறிய கம்பெனி ஒன்றில் உற்பத்தி மேற்பார்வையாளராக இருக்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். நாளைக்கும் நான் அங்கே வேலைக்குப் போக வேண்டும்.

எங்கள் வேலை வரிசை இது: கலவை மில், பிரஸ் (ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கும் இயந்திரம்), பிசிறு வெட்டுதல் (அச்சின் விளிம்பில் பிதுங்கி நிற்கும் ரப்பரை நீக்குவது), ஓவன், சோதனை, பேக்கிங். சென்ற ஆண்டு ஓர் ஆலோசகர் வந்து ஒவ்வொரு பிரிவுக்கும் தனி இலக்கும் தனி ஊக்கத்தொகையும் வைத்துவிட்டுப் போனார். கலவைப் பிரிவுக்கு ஷிஃப்டுக்கு எத்தனை கிலோ என்று கணக்கு. பிரஸ்ஸுக்கு எத்தனை பீஸ் என்று கணக்கு; அச்சு நிரம்பாமல் குறையாக வந்த பீஸுக்குப் பிடித்தம். வெட்டுப் பிரிவில் முன்பிருந்தே பீஸ் ரேட்தான். சோதனைப் பிரிவுக்கு, வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரும் பெட்டிகள் குறைய வேண்டும். சுவரில் பலகை மாட்டிப் பச்சை, சிவப்பு வில்லைகள் ஒட்டுகிறோம். பெரும்பாலான நாள்களில் வெட்டுப் பிரிவைத் தவிர எல்லாம் பச்சை.

ஆனால் சரக்கு நேரத்துக்குப் போவதில்லை. மாதத்தின் முதல் பாதி மந்தம். கடைசி வாரம் இரவு பகலாக ஓட்டம், ஓவர்டைம், அவசர வண்டி. முதலாளி வெட்டுப் பிரிவைக் கைகாட்டுகிறார். அங்கே ஒரு முறை பொறுப்பாளரை மாற்றியாகிவிட்டது. இப்போது இருப்பவரையும் மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

அமைப்புச் சிந்தனை பற்றி இங்கே நடந்த பழைய விவாதங்களைப் படித்திருக்கிறேன். முழுதையும் பார், பிரிவுகளுக்கு இடையிலான உறவைப் பார் என்கிறார்கள். பார்க்கிறேன். நாளைக் காலை ஷிஃப்டில் எதைத் தொடுவது என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

வெட்டொன்று | ஞாயிறு, இரவு 8.32

அமைப்பு, அமைப்பு என்று சொல்லத் தொடங்கிவிட்டால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். நூற்பாலை ஒன்றின் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே இயந்திரம், ஒரே பஞ்சு, ஒரே ஷிஃப்ட். ஒருவர் கண்ணும் கருத்துமாக ஓட்டுவார், இன்னொருவர் டீக்கடையில் நிற்பார். வெட்டுப் பிரிவில் போய் ஒரு நாள் நில்லுங்கள். யார் கை ஓடுகிறது, யார் வாய் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். இதற்கு அமெரிக்கப் பேராசிரியர்கள் தேவையில்லை.

திருநகர் ஆசிரியை | ஞாயிறு, இரவு 10.05

கப்பலூர்க்காரன் தம்பி, ஆளை மாற்றுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். வெட்டுப் பிரிவின் முன்னால் காத்துக் கிடக்கும் பீஸ் எத்தனை? அந்தப் பிரிவு நாளைக்குச் சராசரியாக எத்தனை வெட்டி முடிக்கிறது? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், இன்று கூடையில் விழும் பீஸ் எத்தனை நாள் கழித்துக் கத்தரியைப் பார்க்கும் என்று தெரிந்துவிடும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்துக் காட்டிய விதி. வங்கி வரிசைக்கும் செல்லும், துறைமுகத்துக்கும் செல்லும்.

வெட்டொன்று ஐயாவுக்கு: அமெரிக்கத் தர நிர்வாக அறிஞர் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு சோதனை நடத்துவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். அவற்றில் 800 சிவப்பு, மற்றவை வெள்ளை. ஐம்பது குழியுள்ள மட்டையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு கழிவு. வந்திருப்பவர்களில் சிலரைத் தொழிலாளிகளாக நிறுத்தி, சிவப்புக் குறைவாக எடுத்தவருக்குப் பாராட்டு, கூடுதலாக எடுத்தவருக்கு எச்சரிக்கை, கடைசியில் சிலருக்கு வேலை நீக்கம் என்று மிடுக்காக நடத்துவார். முந்தைய சுற்றில் பாராட்டு வாங்கியவரே அடுத்த சுற்றில் சிவப்பை அள்ளிக்கொண்டு வந்து நிற்பார். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவர் நிர்வாகி.

வெட்டொன்று | ஞாயிறு, இரவு 10.21

மணி அள்ளுவதில் திறமைக்கு வேலையே இல்லையே, அம்மா. பிசிறு வெட்டுவது கைத்தொழில். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கப்பலூர்க்காரன் | திங்கள், இரவு 9.15

இன்று எண்ணினேன். பிரஸ்ஸுக்கும் வெட்டுப் பிரிவுக்கும் நடுவே கூடைகளில் ஏறத்தாழ 36,000 பீஸ் இருக்கின்றன. வெட்டி முடிப்பது நாளைக்கு 4,000. ஆக, ஒன்பது நாள் காத்திருப்பு. ஒரு பீஸை வெட்ட ஆகும் நேரம் அரை நிமிடம். அச்சில் சில நிமிடங்கள், ஓவனில் சில மணி நேரம். கையும் சூடும் படுகிற நேரத்தை எல்லாம் கூட்டினால் முழுதாக ஒரு நாள்கூட வரவில்லை. மற்ற நாள்கள் எல்லாம் கூடையில் தூக்கம். எங்கள் பலகையில் ஆறு பிரிவுக்கும் கட்டம் இருக்கிறது, கூடைக்குக் கட்டம் இல்லை.

பிரஸ் நாளைக்கு 4,600 போடுகிறது. குறைத்துப் போடுங்கள் என்றால் ஊக்கத்தொகை போய்விடும் என்று ஆபரேட்டர்கள் சண்டைக்கு வருவார்கள். முதலாளியும் விடமாட்டார். வங்கிக் கடனில் வாங்கிய பிரஸ் சும்மா நிற்பதைப் பார்க்க அவருக்கு மனம் வராது.

கண்மாய்க்கரை | திங்கள், இரவு 10.40

நான் மேலூர்ப் பக்கம். பாசனத் துறையில் கீழ்நிலைப் பணியில் இருந்தவன், கம்பெனி நிர்வாகம் தெரியாது. ஆனால் தம்பி சொல்வதைப் படித்ததும் எங்கள் பக்கத்துச் சண்டைதான் நினைவுக்கு வந்தது.

இங்கே கண்மாய்கள் தனித்தனி அல்ல, சங்கிலி. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்த நீர் வரத்துக்கால் வழியே கீழ்க் கண்மாய்க்குப் போகும். மழைக்குறைவான ஆண்டில் மேல் ஊர்க்காரர்கள் உபரி நீர் வழியும் கலுங்கில் மணல் மூட்டையை அடுக்கி ஓர் அடி கூடுதலாகத் தேக்கிவிடுவார்கள். அவர்கள் கணக்கில் கண்மாய் நிறைந்திருக்கும். உங்கள் பலகையில் ஒட்டினால் பச்சை வில்லைதான். ஆனால் அந்த ஓர் அடியில் உள்வாயில் இருக்கிற பட்டா நிலம் மூழ்கும், கரைக்குத் தாங்க முடியாத பாரம் ஏறும், கீழே இரண்டு ஊர் நாற்றங்காலோடு நிற்கும். பெருமழை வந்தால் கரை உடைந்து நாசம் கீழ்நோக்கியே வரும். 1895இல் பெரியாற்று அணை வந்து கால்வாய் நீர் சேர்ந்த பிறகும் இந்தக் கதை தீரவில்லை. கடைமடைக்காரன் எப்போதும் கடைமடைக்காரன்தான்.

நீர்பாய்ச்சி என்று ஒருவர் எங்கள் ஊர்களில் உண்டு; சில ஊர்களில் மடையான் என்பார்கள், நீர்க்கட்டி என்றும் சொல்வார்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு என்று விடுவதும் அவர் வேலை. அவருக்கு ஊதியம் ஆயக்கட்டில், அதாவது கண்மாய் நீர் பாயும் பரப்பில், உள்ள எல்லா வயலிலிருந்தும் அறுவடையில் ஒரு பங்கு நெல். பல ஊர்களில் அவருக்குச் சொந்த வயலே இருக்காது. ஒரு மூலை காய்ந்தால் அந்த மூலையின் நெல் அவருக்கு இல்லை. ஆகவே அவர் கண் எந்த ஒரு வயல் மேலும் நிற்காது. உங்கள் கம்பெனியில் ஆறு பேருக்கு ஆறு வயல் இருக்கிறது. மொத்த ஆயக்கட்டுக்கும் சேர்த்துக் கூலி வாங்குகிறவர் யார்?

வெட்டொன்று | செவ்வாய், காலை 7.50

அருமை. ஆனால் அந்தக் காலக் கிராமத்தைப் பொன்னாக்கிக் காட்ட வேண்டாம். நீர்பாய்ச்சிக்கு நிலம் இல்லை என்பது ஏதோ நிர்வாகத் தத்துவம் போலச் சொல்கிறீர்கள். அவருக்கு நிலம் கிடைக்காமல் போனதற்குப் பின்னால் சாதி இருக்கிறது.

கண்மாய்க்கரை | செவ்வாய், காலை 8.35

இருக்கிறது, மறுக்கவில்லை. கூலி எதைப் பொறுத்து அளக்கப்படுகிறதோ அதன் மேல்தான் கண் போகும் என்பது மட்டும் நான் சொல்ல வந்தது. அதற்குச் சாதி தேவையில்லை, நெல்லும் தேவையில்லை.

அண்ணா நகர் செவிலி | செவ்வாய், இரவு 9.55

மதுரையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. அங்கே ஓர் அறுவை மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் செவிலியர் அடுத்த நோயாளியை ஆயத்தமாக வைத்திருப்பார்கள். மருத்துவர் திரும்பி அமர்ந்தால் போதும். கிராமத்துப் பெண்களை எடுத்து, அங்கேயே பயிற்சி கொடுத்து, பரிசோதனையிலிருந்து ஆயத்தம் வரை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை விலை கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்க முடியாது என்று 1992இல் அரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். அறுவை இலவசம் என்றாலும் பஸ் கட்டணம், சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி என்று பயந்து ஏழைகள் வராமல் போவார்கள். அதனால் முகாமிலிருந்து வண்டியில் கூட்டி வந்து, சாப்பாடு போட்டு, திருப்பிக் கொண்டுபோய் விடுவது வரை சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள்.

இதைச் சொல்லக் காரணம் வேறு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம், கண் மருத்துவமனையும் அல்ல) இதைக் கேள்விப்பட்டு இரண்டாவது மேசை வாங்கிப் போட்டார்கள். மேசை மட்டும். செவிலியரைக் கூட்டவில்லை, கருவிகளைக் கிருமி நீக்கும் இயந்திரம் பழைய ஒன்றே. முன்பு நோயாளி வெளியே பெஞ்சில் காத்திருந்தார். பிறகு கவுன் போட்டு, ஊசி போட்டு, குளிரூட்டிய அறையில் மேசை மேல் படுத்தபடி கருவித் தட்டுக்காகக் காத்திருந்தார். நிர்வாகம் எங்களைத்தான் திட்டியது.

திருநகர் ஆசிரியை | செவ்வாய், இரவு 10.30

செவிலி சொன்ன இரண்டாவது பத்தியை அப்படியே பாடத்தில் வைக்கலாம். அமைப்புச் சிந்தனையாளர் ரஸ்ஸல் அக்காஃப் ஒரு வேடிக்கையான கேள்வி கேட்பார்: உலகின் சிறந்த கார்களிலிருந்து சிறந்த எஞ்சினை ஒன்றிலிருந்தும் சிறந்த பிரேக்கை இன்னொன்றிலிருந்தும் கழற்றி எடுத்துச் சேர்த்தால் கிடைப்பது சிறந்த காரா? ஒன்றுக்கொன்று பொருந்தாது, கார் நகரக்கூடச் செய்யாது. அரவிந்தில் இரண்டாவது மேசை வேலை செய்வதற்குக் காரணம் மேசைக்கு வெளியே இருக்கிறது.

கப்பலூர்த் தம்பி, உங்கள் ஆலோசகர் செய்ததும் இதே வேலை. ஆறு பிரிவையும் தனித்தனியாகச் சிறந்ததாக்கப் பார்த்தார். நிர்வாக எழுத்தாளர் கோல்ட்ராட் சொன்னதையும் நினைவில் வையுங்கள்: வேலை அடைபட்டுத் தேங்குகிற இடத்தில் இழக்கும் ஒரு மணி நேரம் முழுத் தொழிற்சாலையும் இழக்கும் ஒரு மணி நேரம், மற்ற இடங்களில் மிச்சப்படுத்தும் நேரம் வெறும் தோற்றம். பிரஸ்ஸில் கூடுதலாக வரும் அந்த 600 பீஸ் உற்பத்திக் கணக்கில் ஏறுகிறது, கூடையில் போய் உட்காருகிறது.

கத்தரிக்கோல் | புதன், இரவு 8.20

மூன்று நாளாகப் படிக்கிறேன். வெட்டுகிற பெண்களிடம் கேட்டீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அமெரிக்கா, மேலூர் எல்லாம் போய்வந்துவிட்டீர்கள்.

வேறொரு ரப்பர் கம்பெனியில் கத்தரி பிடித்தவள் நான். இப்போது அங்கேயே சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கேளுங்கள். பிசிறு மெல்லியதாக இருந்தால் கத்தரியே வேண்டாம், விரலால் இழுத்தால் நூல் போலக் கிழிந்து வந்துவிடும். தடித்த பிசிறு அப்படி வராது. பீஸைச் சுற்றிக் கத்தரியை ஓட்ட வேண்டும். ஒரு மயிரிழை உள்ளே போனால் பீஸ் வெட்டுப்பட்டுக் கழிவாகும், அந்தக் கழிவு எங்கள் எண்ணிக்கையில் கழியும். பிசிறை மிச்சம் விட்டால் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள், இரண்டாவது தடவை வெட்டுவதற்குக் கூலி கிடையாது. அதனால் நாங்கள் மெதுவாக வெட்டுவோம். வெட்டொன்று ஐயா வந்து நின்று பார்த்தால் கை ஓடவில்லை என்றுதான் எழுதிக்கொள்வார்.

இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பீஸ் ரேட்டில் இருக்கிறவள் எழுந்து போய் மேற்பார்வையாளரிடம் பேசினால் அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. பேசினாலும் பிரஸ்காரர்களிடம் போய், "பெண்கள் குறை சொல்கிறார்கள்" என்று சொல்வார்கள். அடுத்த நாள் கூடை இன்னும் மோசமாக வரும். நான் பார்த்திருக்கிறேன்.

கப்பலூர் அண்ணனுக்கு ஒரே ஒரு வேலை: பகல் ஷிஃப்ட் கூடையிலிருந்து பத்து, இரவு ஷிஃப்ட் கூடையிலிருந்து பத்து எடுத்துப் பிசிறைத் தொட்டுப் பாருங்கள்.

வெட்டொன்று | புதன், இரவு 8.48

வந்து நின்றால் அப்படித்தான் எழுதியிருப்பேன். மேலே சொல்லுங்கள்.

கப்பலூர்க்காரன் | வெள்ளி, இரவு 11.05

கத்தரிக்கோல் அக்காவுக்கு நன்றி. தொட்டுப் பார்த்ததோடு நிற்காமல் எடையும் போட்டேன். எங்கள் பீஸ் வார்த்து முடித்தபின் 40 கிராம். அச்சில் வைக்கும் பிளாங்க், அதாவது வெட்டி வைத்த பச்சை ரப்பர் துண்டு, 43 கிராம் இருந்தால் போதும் என்று வரைபடத்தில் இருக்கிறது. இரவு ஷிஃப்டில் எடுத்த பிளாங்குகள் 47, 48, ஒன்று 50. பகலில் கொஞ்சம் பரவாயில்லை. கூடுதல் ரப்பர் போவதற்கு இடம் இல்லாமல் அச்சின் விளிம்பில் பிதுங்கித் தடித்த பிசிறாக நிற்கிறது.

ஏன் கூடுதலாக வெட்டி வைக்கிறார்கள் என்று பிரஸ் ஆபரேட்டர் ஒருவரைத் தனியாகக் கேட்டேன். சிரித்தார். அச்சு நிரம்பாத பீஸ் வந்தால் அவருக்குப் பிடித்தம். பிசிறு தடித்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் இரண்டு கிராம் கூட்டித்தான் வைப்பேன். சரி, தராசில் போட்டு வெட்டலாமே என்றேன். தராசு கலவைப் பிரிவில் இருக்கிறது, இரவில் அந்த அறை பூட்டியிருக்கும். கலவைப் பிரிவு இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ரப்பர் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு கிலோ அவர்கள் கணக்கில் ஏறும். வெந்த ரப்பரை மறுபடி உருக்கி வார்க்க முடியாது என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். பிசிறு சாக்கில் கட்டி வெளியே போகிறது, அதை யாரும் எடை போடுவதில்லை.

இன்னொரு சுற்றும் இருக்கிறது. மாதக் கடைசியில் தாமதமாகிறது என்று பிரஸ்ஸை விரட்டுகிறோம். விரட்டினால் பிளாங்க் இன்னும் கண்மதிப்பில் வெட்டப்படுகிறது, பிசிறு இன்னும் தடிக்கிறது, வெட்டுப் பிரிவு இன்னும் மெதுவாகிறது, தாமதம் கூடுகிறது, மறுபடி விரட்டுகிறோம். சிலர் வேகும் நேரத்தையும் சற்றுக் குறைத்துவிடுகிறார்கள் என்று சந்தேகம். அதை நிரூபிக்க முடியவில்லை, அதனால் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

திருநகர் ஆசிரியை | சனி, காலை 9.20

நீங்கள் எழுதிய கடைசிப் பத்தியைத் தாளில் வட்டமாக அம்புக்குறி போட்டு வரையுங்கள். தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் சுழற்சி என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் காலத்திலிருந்து சொல்லி வருவது இதுதான். அவர் 1961இல் எழுதியது முழுக்கத் தொழிற்சாலைகளைப் பற்றி. ஆர்டர், சரக்கிருப்பு, வேலையாள் எண்ணிக்கை ஆகியவை ஏன் மாதக்கணக்கில் ஏறி இறங்குகின்றன என்று ஆராய்ந்து, வெளியில் தேடிய காரணம் பெரும்பாலும் உள்ளேயே, தாங்களே வைத்துக்கொண்ட விதிகளில் இருப்பதைக் காட்டினார்.

ஐயா கேட்ட கைத்தொழில் கேள்விக்கு அன்று பதில் சொல்லாமல் விட்டேன். திறமையில் வேறுபாடு உண்டு. அதைக் கண்ணால் அளக்காமல் எண்ணால் அளக்கலாம். தரக் கட்டுப்பாட்டின் முன்னோடி வால்டர் ஷுவார்ட் 1924இல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம் இதற்காகவே வந்தது. பத்துப் பெண்கள் வெட்டும் எண்ணிக்கையை நாள்தோறும் குறித்து, மேல் எல்லையும் கீழ் எல்லையும் கணக்கிட்டால், எல்லைக்குள் ஏறி இறங்குகிறவர்களைத் திட்டுவதிலும் பாராட்டுவதிலும் பொருள் இல்லை. எல்லைக்கு வெளியே ஒருவர் தொடர்ந்து நின்றால் அவரிடம் தனியாகப் பேச வேண்டும். கத்தரி மழுங்கியிருக்கலாம், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கலாம், நீங்கள் சொல்லும் டீக்கடையாகவும் இருக்கலாம்.

வெட்டொன்று | சனி, காலை 10.02

டீக்கடைக்கு இடம் விட்டதற்கு நன்றி. பிளாங்க் எடை விவகாரத்தை ஒப்புக்கொள்கிறேன். பொறுப்பாளரை மாற்றியிருந்தாலும் அந்த 48 கிராம் 48 கிராமாகவே இருந்திருக்கும். ஆனால் பிசிறுக்கு அச்சின் விளிம்புத் தேய்மானமும் காரணமாக இருக்கலாம், அதையும் பாருங்கள். இன்னொன்று. நூற்றுக்கு 94 பங்கு குறை அமைப்பில் என்று டெமிங் கண்டுபிடித்ததாக எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். எந்த ஆய்வில் கண்டுபிடித்தார்?

திருநகர் ஆசிரியை | சனி, காலை 10.40

ஆய்வு அல்ல. தம் அனுபவத்தில் தோராயமாக இப்படி மதிப்பிடுவேன் என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். பயிற்சியாளர்கள் அதை அறிவியல் விதி ஆக்கிவிட்டார்கள். உங்கள் எரிச்சல் நியாயமானது.

அவர் பெயரைச் சொல்வதற்கு நமக்கு வேறு காரணம் இருக்கிறது. 1950இல் அவர் ஜப்பானில் வகுப்பு எடுத்தார், 1951இல் அங்கே அவர் பெயரில் தரத்துக்கான பரிசு ஏற்பட்டது. இந்தியாவில் அந்தப் பரிசை முதலில் பெற்றது 1998இல் டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. தொழிற்சாலை சென்னையில் இருந்தாலும் டி.வி.எஸ். குடும்பத்தின் வேர் 1911இல் மதுரையில் ஊன்றியது. ஆகவே இது நம் ஊருக்கு ஒவ்வாத சரக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

புதூர் பட்டறை | சனி, இரவு 9.30

கே. புதூர் தொழிற்பேட்டையில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். முதலாளியை எல்லோரும் சேர்ந்து குட்டுகிறீர்கள், அவர் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

மாதக் கடைசியில் ஏன் ஓடுகிறோம்? அந்த மாதப் பில்லில் ஏறாத சரக்குக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் பணம் தரும் தவணையை எண்ணத் தொடங்குவார்கள். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து, நேரத்துக்குக் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டு செலவுக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரியிலும் பிடி வைத்தார்கள். எல்லாம் சரி. எனக்கு இருக்கிற பெரிய வாடிக்கையாளர் ஒருவர். அவர் மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் யாருக்கு விற்பேன்?

சம்பளம் 7ஆம் தேதி, ஜி.எஸ்.டி. 20ஆம் தேதி, வங்கித் தவணை நிற்காது. பிரஸ் ஓடுவதைப் பார்த்தால்தான் எங்களுக்குச் சற்று மூச்சு வரும். கூடையில் கிடக்கும் 36,000 பீஸும் தூங்குகிற பணம் என்று எனக்கு இந்த இழையைப் படித்த பிறகு உறைக்கிறது, ஆனால் பலகையைப் பார்க்கும்போது அது உறைக்காது. நீங்கள் வரைகிற வட்டத்தைக் கம்பெனிச் சுவரோடு நிறுத்திவிடாதீர்கள்.

சிம்மக்கல் ஸ்பேர்ஸ் | ஞாயிறு, காலை 8.15

நான் சுவருக்கு வெளியே இருக்கிறவன், உதிரிபாகம் விற்கும் கடை. மாத முதலில் நான் ஏன் வாங்குவதில்லை என்றால், கடைசி வாரத்தில் விற்பனைப் பிரதிநிதிகள் தங்கள் இலக்கை முடிக்கத் தள்ளுபடியோடு வந்து நிற்பார்கள். மூன்று வாரம் பொறுத்தால் விலை குறையும் என்று தெரிந்தும் எந்த வியாபாரி முன்னால் வாங்குவார்? வண்டிகள் மாதம் முழுக்க ஒரே மாதிரிதான் ஓடித் தேய்கின்றன. ஆர்டர் மட்டும் கடைசி வாரத்தில் குவிகிறது.

திருநகர் ஆசிரியை | ஞாயிறு, காலை 9.00

சிம்மக்கல் அண்ணன் சொன்னதைக் காட்டவே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1960களில் ஒரு விளையாட்டு உருவாக்கினார்கள். கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு இடம். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருப்பவரின் ஆர்டர் மட்டும் தெரியும். வாடிக்கையாளர் வாங்குவது வாரம் 4 பெட்டியிலிருந்து ஒரே ஒரு முறை 8 ஆகும், பிறகு மாறவே மாறாது. ஆலைக்கு வந்து சேரும்போது அது மலையும் பள்ளமுமாக ஆகிவிடும். எந்த நாட்டில், யாரை வைத்து ஆடினாலும் இதுவே நடக்கிறது. முடிந்ததும் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுவார்கள்.

கப்பலூர்க்காரன் | திங்கள், இரவு 9.40

தள்ளுபடியும் பில் தவணையும் என் கைக்கு எட்டாதவை. எட்டுகிறதை மட்டும் முதலாளியிடம் கொண்டுபோகிறேன். வெள்ளிக்கிழமை கூட்டம். மூன்று கேட்கப் போகிறேன். பிரஸ் பக்கத்தில் ஒரு தராசு. கூடையில் 8,000 பீஸுக்கு மேல் சேர்ந்தால் பிரஸ்ஸை நிறுத்தி ஆபரேட்டர்களை பிளாங்க் எடை பார்க்கவும் அச்சு துடைக்கவும் விடுவது. அந்த நேரத்துக்கு ஊக்கத்தொகை குறையாது. ஆறு பிரிவுக்கும் தனித்தனி ஊக்கத்தொகைக்குப் பதில், சொன்ன தேதியில் போன சரக்கின் மேல் எல்லோருக்கும் ஒரே ஊக்கத்தொகை. மூன்றாவது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வெட்டொன்று | திங்கள், இரவு 10.10

மூன்றாவதை இப்போது கேட்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே தொகை என்றால் உழைக்கிறவன் உழைக்காதவனுக்காக உழைக்கிறான் என்று முதல் மாதமே முணுமுணுப்பு வரும். சங்கப் பேச்சுவார்த்தைகளில் எத்தனையோ முறை பார்த்தது. முதல் இரண்டும் ஓடட்டும். நிரம்பாத பீஸுக்கான பிடித்தத்தை மட்டும் உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். நோய்க்கு வேர் அந்தப் பிடித்தம்.

புதூர் பட்டறை | திங்கள், இரவு 10.25

முதலாளியிடம் அம்புக்குறி வட்டம் எதையும் காட்டாதீர்கள், தம்பி. ரூபாயில் பேசுங்கள். பீஸுக்கு 5 கிராம் கூடுதல், நாளைக்கு 4,600 பீஸ் என்றால் 23 கிலோ கலவை. கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 3,450. இருபத்தைந்து வேலை நாளுக்கு 86,250 ரூபாய் சாக்கில் கட்டி வெளியே போகிறது. ஓவர்டைமும் அவசர வண்டியும் இதற்கு மேல். இந்த ஒரு தாளைப் பார்த்தால் தராசு அடுத்த நாளே வரும்.

கத்தரிக்கோல் | செவ்வாய், இரவு 8.05

தராசு வரட்டும். பிசிறு மெலியட்டும். அப்போது 400 வெட்டுகிற பெண் 600 வெட்டுவாள். அடுத்த மாதம் என்ன நடக்கும் தெரியுமா? "இப்போது வேலை எளிதாகிவிட்டது" என்று பீஸ் ரேட்டைக் குறைப்பார்கள். எங்கள் கம்பெனியில் அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகு யாரும் ஒரு நாளும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வெட்டியதில்லை. முடியாமல் அல்ல. ரேட் ஓராண்டுக்குக் குறையாது என்று முதலில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

கப்பலூர்க்காரன் | செவ்வாய், இரவு 8.50

எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை, அக்கா. ஆனால் கூட்டத்தில் முதல் கோரிக்கையாக அதையே வைக்கிறேன், தராசுக்கும் முன்னால். வெட்டுப் பிரிவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டத்துக்கு அழைக்கலாம் என்று நினைக்கிறேன். வருவார்களா?

கத்தரிக்கோல் | செவ்வாய், இரவு 9.02

கூட்டம் ஷிஃப்ட் நேரத்தில் என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்குச் சராசரிக் கூலி உண்டு என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். வருவார்கள். மூத்தவர் ஒருவரையும், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தியையும் கூப்பிடுங்கள். இரவு ஷிஃப்ட் கூடை ஒன்றையும் மேசை மேல் வைத்துவிடுங்கள்.